சரிபார்ப்பாளருக்கு என்ன கூலி?

2023ஆம் ஆண்டில் காஸ்மோஸ் ஹப் என்னும் பிளாக்செயினில் 826ஆம் எண் கொண்ட தீர்மானம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. இனி எந்தச் சரிபார்ப்பாளரும் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகக் கமிஷன் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். நான் கமிஷன் வாங்குபவன் அல்லன், கொடுப்பவன். என் பையிலிருந்து போகும் காசு கூடுமே தவிரக் குறையாது என்று தெரிந்தும் ‘ஆம்’ என்று வாக்களித்தேன். அலுவலகத்தில் மதிய உணவின்போது இதைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்தே விட்டார். “டாக்சியில ஏறி உட்கார்ந்தவனே மீட்டரை ஏத்தச் சொல்லி மனு போட்ட மாதிரி இருக்கே!” என்றார்.

அந்தக் கேலிக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியவில்லை, சோறும் ஆறிக்கொண்டிருந்தது. பேரவை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுத் தங்கை ஒருவர் கேட்டபோது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தோன்றியது. கணினித் துறையில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் சில பத்திகள் தெரிந்த பாடமாக இருக்கும். தமிழியல், வணிகம், சட்டம் படிப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யார் இந்தச் சரிபார்ப்பாளர்? பிளாக்செயின் என்பது பலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே கணக்குப் புத்தகம். வங்கியில் நம் கணக்கை வங்கியே எழுதிக்கொள்கிறது. இங்கே அப்படி ஒரு முதலாளி இல்லை. ஆகவே புத்தகத்தின் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது, எழுதியது சரிதான் என்று யார் கையொப்பம் இடுவது என்ற கேள்வி எழுகிறது. பிட்காயின் மின்சாரத்தை எரித்து இதற்கு விடை காண்கிறது. காஸ்மோஸ், சொலானா, கார்டானோ, 2022 செப்டம்பருக்குப் பிறகு இத்தீரியம் ஆகியவை, தங்களுக்குள் வேறுபாடுகள் இருந்தாலும், ஸ்டேக்கிங் என்னும் பணய முறையைப் பின்பற்றுகின்றன. காஸ்மோஸில் அச்சங்கிலியின் நாணயத்தைப் பணயமாகப் பூட்டி வைத்தால்தான் கையொப்பம் இடலாம். ஒழுங்காக வேலை பார்த்தால் வெகுமதி. ஏமாற்றினால் பணயத்தில் ஒரு பகுதி பறிபோகும்.

இதற்காக ஒரு கணினியை இரவும் பகலும் விழித்திருக்க வைப்பது எல்லாராலும் ஆகிற காரியமில்லை. எனவே என்னைப் போன்றவர்கள் நம் நாணயங்களை ஒரு சரிபார்ப்பாளர் பேரில் ஒப்படைக்கிறோம். ஒப்படைத்தாலும் அவை நம்முடையவைதாம். அவர் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. நம் பணயத்துக்குக் கிடைக்கும் வெகுமதியில் அவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்ள, மிச்சம் நமக்கு வரும். அந்தப் பங்குதான் கமிஷன்.

நான் இதற்குள் வந்தது 2021இல். பெருந்தொற்றால் ஜொகூர் கடற்பாலம் அடைபட்டு, ஊருக்குப் போக வழியில்லாமல், சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வாடகை அறையில் கிடந்த காலம். சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகைக்குக் காஸ்மோஸின் நாணயத்தை வாங்கினேன். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் ‘ஆட்டம்’ என்று வரும். அணு என்ற பொருளில் வைத்த பெயர். அதன் விலை ஏறி இறங்கியதைப் பார்த்தவர்கள் நம் ஆட்டமும் பொருந்தும் என்பார்கள். ஒப்படைக்கப் போனால், நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள் கொண்ட நீண்ட பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எவ்வளவு பணயம் சேர்ந்திருக்கிறது, எத்தனை விழுக்காடு கமிஷன் என்ற விவரம். 0, 3, 5, 10, 20 என்று விதவிதமாக இருந்தன. 100 கூட இருந்தது. வெளியார் யாரும் ஒப்படைக்க வேண்டாம் என்பதற்கு அது நாகரிகமான அறிவிப்பு.

அந்தப் பட்டியலைப் பார்க்கும் எவரும் முதலில் செய்வது, கமிஷன் வரிசையைத் தட்டிச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவதுதான். பாசாரில் மீன் வாங்கும்போதுகூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறோம். இங்கே விலையைப் பார்த்ததோடு சரி.

சுழியத்தின் அருகே போன என் கை தயங்கியதற்குக் கணினி அறிவு காரணமில்லை. அம்மாவின் கூட்டுதான் காரணம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த பிறகும் அம்மா கூட்டுக் கட்டுவதை விடவில்லை. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 50 வெள்ளி. சேரும் 500 வெள்ளி மாதத்துக்கு ஒருவருக்கு. கூட்டுப் பிடிக்கும் அக்காள் முதல் மாதப் பணத்தை எடுத்துக்கொள்வார். வட்டியில்லாமல் 500 வெள்ளி முன்னதாகக் கைக்கு வருவதுதான் அவருக்கு ஆதாயம். அதற்கு ஈடாக, யாராவது பாதியில் கட்டாமல் நழுவினால் அவர்தாம் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். ஒருமுறை அடுத்த தாமானில் ஒரு பெண், “எனக்கு ஒன்னும் வேணாம், கடைசி மாசம் எடுத்துக்கிறேன்” என்று சொல்லி ஆள் சேர்த்தார். அம்மா சேரவில்லை. “வீடு வீடா ஏறி இறங்கி வசூல் பண்ண அவளுக்கு என்ன தலையெழுத்தா? எதுல எடுக்கப் போறாளோ!” என்றார். அந்தக் கூட்டு நல்லபடியாகவே முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அம்மா கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான்.

கூட்டைத் தொழிலாக நடத்துவதை மலேசியா 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. சிங்கப்பூரிலும் சீட்டு நிதிகளுக்கென்று அதே ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. இந்தியா வேறு வழியில் போனது. அங்கே 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு நடத்துபவரின் கமிஷன் சீட்டுத் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது. 2019இல் திருத்தம் செய்து 7 ஆக்கினார்கள். அங்கே ஐந்து என்பது உச்சவரம்பாக இருந்தது. 826ஆம் தீர்மானத்தில் அதே ஐந்து கீழ்வரம்பு. சீட்டில் கமிஷன் முழுத் தொகையின்மேல். இங்கே வெகுமதியின்மேல் மட்டும். ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனால் இடையில் நிற்பவரின் கூலிக்கு வரம்பு போடும்போது மேலே போடுவதையே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். கீழே போடச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும்.

காஸ்மோஸில் உச்சவரம்பும் உண்டு. அது இருக்கும் விதம் வேறு. சரிபார்ப்பாளராகப் பதிவு செய்துகொள்பவர் மூன்று எண்களை எழுத வேண்டும். இப்போது வாங்கும் கமிஷன் எவ்வளவு, இது எந்தக் காலத்திலும் எவ்வளவைத் தாண்டாது, ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு மாறும். பின்னிரண்டு எண்களையும் ஒருமுறை எழுதிவிட்டால் அவரால் மாற்ற முடியாது. முதல் எண்ணை 24 மணி நேரத்தில் ஒருமுறைதான் மாற்றலாம். ஒருவர் 5, 20, 1 என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு எவ்வளவு பேராசை வந்தாலும் ஐந்திலிருந்து இருபதுக்குப் போக 15 நாள் ஆகும். அதற்குள் ஒப்படைத்தவர்கள் விழித்துக்கொண்டு வேறொருவரிடம் மாறிவிடலாம். மாறுவது உடனே நடக்கும். பணயத்தை விட்டு முழுவதுமாக வெளியேறத்தான் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

இருபதுக்குமேல் வாங்காதே என்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 100 என்று எழுதிக்கொள்ளவும் தடை கிடையாது, எழுதியவர்களும் உண்டு. தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, முடிச்சை ஊரறியக் காட்டுவதுதான் இந்த ஏற்பாடு. 2019இல் சங்கிலி தொடங்கிய நாள் முதல் இது இருக்கிறது. முதன்முதலில் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான். இன்றும் அந்த மூன்றில் எனக்கு முக்கியமானது மூன்றாவது எண். எவ்வளவு ஏறும் என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறும் என்பதுதான் என்னைப் போன்ற சோம்பேறிகளைக் காப்பாற்றும்.

அந்த முடிச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொலானா காட்டியது. அங்கே காலம் ‘எபோக்’ என்னும் துண்டுகளாக ஓடுகிறது. ஒரு துண்டு ஏறத்தாழ இரண்டு நாள். வெகுமதி எபோக் முடியும்போதுதான் பிரிக்கப்படும். ஆகவே பட்டியலில் சுழியம் என்று காட்டி ஆள் சேர்த்துக்கொண்டு, முடியும் தறுவாயில் 100க்கு ஏற்றி, கணக்கு முடிந்ததும் மறுபடி சுழியத்துக்கு இறக்கிவிடும் கில்லாடிகள் தோன்றினார்கள். காலையில் பட்டியலைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவர்கள் உத்தமர்கள். பிறகு விதியை மாற்றினார்கள். கமிஷனை ஏற்றுவதென்றால் எபோக்கின் முதல் பாதியிலேயே ஏற்ற வேண்டும் என்று ஆனது. விழித்திருப்பவனுக்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்தது.

ஏற்றுவதற்குத் தடை போடுவது சரி. இறக்குவதை ஏன் தடுக்க வேண்டும்? அதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என்னிடம் 1,000 நாணயம் இருக்கிறது, ஆண்டுக்கு 15 விழுக்காடு வெகுமதி என்று வைத்துக்கொள்வோம். வெகுமதி 150. அதில் 5 விழுக்காடு கமிஷன் என்றால் ஏழரை நாணயம். (ஏழரை நமக்கு ஆகிவராத எண்தான், கணக்கு அப்படி வருகிறது.) கமிஷனே வாங்காதவரிடம் போனால் ஆண்டுக்கு அந்த ஏழரை எனக்கு மிச்சம். இப்போது தண்டத்தைப் பாருங்கள். ஒரே உயரத்தில் இரண்டு பக்கங்களுக்கு ஒரே சாவியால் கையொப்பம் இட்டுவிட்டால், காஸ்மோஸ் ஹப்பில் 5 விழுக்காடு பணயம் பறிபோகும். வெகுமதியில் அல்ல, முதலில். அதுவும் சரிபார்ப்பாளரின் முதலில் மட்டுமல்ல, அவரை நம்பி ஒப்படைத்த என் முதலிலும். 1,000இல் 50. ஆறரை ஆண்டுக்கு மேல் மிச்சம் பிடித்தது ஒரே இரவில் போய்விடும்.

இந்த இரட்டைக் கையொப்பம் திருட்டு எண்ணத்தால்தான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு கணினி படுத்துவிட்டால் உதவட்டும் என்று அதே சாவியோடு இன்னொன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். நள்ளிரவில் முதலாவது செத்துவிட்டது என்று நினைத்து இரண்டாவதைக் கிளப்புவார்கள். முதலாவது உயிரோடுதான் இருந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில் நடக்கிற காரியம். சரி, பயந்துகொண்டு ஒரே கணினியோடு நின்றால், அது படுக்கும்போது எழுப்ப ஆள் வேண்டும். கடைசி 10,000 பக்கங்களில் 95 விழுக்காட்டைத் தவறவிட்டால் காஸ்மோஸ் ஹப் அவரை ஒதுக்கி வைத்து, 0.01 விழுக்காடு தண்டமும் போடும். அந்த அவகாசம் ஏறக்குறைய 16 மணி நேரம். சிறிய சங்கிலிகளில் இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் பேரவையில் எனக்கு மூன்றாண்டு இளையவரான ஒரு தம்பி. கலை இரவுகளில் மேடையேறமாட்டார். பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். பட்டம் பெற்றுக் கோலாலம்பூரில் வேலைக்குப் போனவர், மாலை நேரங்களில் காஸ்மோஸ் மென்பொருளில் அமைந்த சிறிய சங்கிலி ஒன்றில் சரிபார்ப்பாளராக ஆனார். வெவ்வேறு நாடுகளில் வாடகைக்கு இரண்டு சர்வர்கள், கையொப்பச் சாவிக்குத் தனியாக ஒரு கணினி, ஏதாவது தவறினால் எழுப்பக் கைப்பேசியில் அபாய மணி. 5 விழுக்காடு கமிஷனில் தொடங்கினார். நானும் என் பங்குக்குக் கொஞ்சம் அவர் பேரில் ஒப்படைத்தேன்.

ஓராண்டு நன்றாகப் போயிற்று. பிறகு அந்தச் சங்கிலியில் அவருக்கு மேலே இருந்த பெரிய நிறுவனம் ஒன்று கமிஷனைச் சுழியத்துக்கு இறக்கியது. தம்பி 3 ஆக்கினார். பிறகு 1. ஒப்படைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: “அண்ணே, சர்வர் வாடகைக்கே பத்தல. சம்பளத்துலேர்ந்து போட்டுக் கட்டுறேன். ஆனா ராத்திரி மூணு மணிக்கு மணி அடிச்சா நான்தானே எழுந்திரிக்கணும்?” அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்த நேரம் அது. எழுந்திருப்பதற்குக் காரணங்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன.

அந்தப் பெரிய நிறுவனத்தால் சுழியத்தில் எப்படி நிற்க முடிந்தது? அம்மாவின் கேள்விதான். தன் சொந்த நாணயத்தை நிறையப் பணயம் வைத்திருப்பவருக்கு அதன் வெகுமதி முழுவதும் வருகிறது. நம் ஏழரையை நம்பி அவர் இல்லை. முதலீட்டாளர் பணத்தில் நடப்பவர், முதலில் ஆள் சேர்த்துவிட்டுப் பிறகு விலையை ஏற்றிக்கொள்ளலாம். வேறு தொழில் வைத்திருப்பவருக்கு இது விளம்பரச் செலவு. இவை எதுவும் குற்றமில்லை. மாமாக் கடைக்கு எதிரே பெரிய அங்காடி வந்து ஆறு மாதத்துக்குத் தேநீர் இலவசம் என்று அறிவித்தால் சட்டம் தடுக்காது. தேநீர் குடிப்பவருக்கும் கொண்டாட்டம்தான். ஆனால் பிளாக்செயினில் வாடிக்கையாளர் சேர்வது என்பது அதிகாரம் சேர்வது. காஸ்மோஸ் வகைச் சங்கிலிகளில் பணயத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வைத்திருப்பவர்கள் நினைத்தால் சங்கிலியை நிறுத்திவிடலாம். மூன்றில் இரண்டுக்குமேல் சேர்ந்தால் எந்தப் பக்கத்தை எழுதுவது என்று அவர்களே தீர்மானிக்கலாம். காஸ்மோஸ் ஹப்பிலேயே பட்டியலின் தலைமாட்டில் இருக்கும் பத்துப் பேருக்குள் அந்த மூன்றில் ஒரு பங்கு பல ஆண்டுகளாக அடங்கியிருக்கிறது. நூற்று எழுபது எண்பது பேர் கையொப்பம் இடுகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், வாலில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடினால், முதலாளி இல்லாத கணக்குப் புத்தகம் என்ற பேச்சுக்குப் பொருள் இருக்காது. நான் ‘ஆம்’ என்றதற்கு இதுதான் காரணம். ஆண்டுக்கு ஏழரை நாணயத்தை அதற்காகக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எதிர்த்தவர்கள் சொன்னதில் வலுவான வாதங்கள் இருந்தன. கீழ்வரம்பு சிறியவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. மொத்தப் பணயத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அதே 5 விழுக்காடு. அவர் ஏற்கெனவே கொழுத்தவர். வெளியே காட்டாமல், வாங்கிய கமிஷனைப் பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாலும் சங்கிலிக்குத் தெரியாது. இவற்றைவிட எனக்கு உறைத்தது வாக்களிக்கும் முறை. காஸ்மோஸில் ஒப்படைத்தவர் வாக்களிக்காமல் இருந்துவிட்டால், அவர் நாணயங்களின் வாக்கு அவருடைய சரிபார்ப்பாளரின் வாக்கோடு தானாகச் சேர்ந்துவிடும். கமிஷன் கொடுப்பவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, வாங்குபவர்கள் அவர்களுடைய வாக்குச் சீட்டையும் சேர்த்துப் போட்டுத் தங்கள் கூலிக்கு வரம்பு நிர்ணயித்தார்கள் என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம். சுழியம் வாங்கியவர்களும் அதே முறையில் எதிர்த்து வாக்களித்திருக்கலாமே என்று சொல்லலாம். அது பதிலாகுமா என்பதை நம் சட்டத் துறை மாணவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

தீர்மானம் நிறைவேறியது. 2024இன் தொடக்கத்தில் வந்த மென்பொருள் மேம்பாட்டில், அதன் 15ஆம் பதிப்பில், அது நடைமுறைக்கு வந்தது. ஐந்துக்குக் கீழே வாங்கிக்கொண்டிருந்தவர்களின் கமிஷனை மென்பொருளே ஐந்துக்கு ஏற்றிவிட்டது. இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். அந்த நிரலில் அடுத்து இருந்த சில வரிகளைப் படித்தபோதுதான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதிவு செய்யும்போது சரிபார்ப்பாளர் எழுதிக்கொடுத்த இரண்டாவது எண்ணை நினைவிருக்கிறதா? எந்தக் காலத்திலும் இதைத் தாண்டமாட்டேன் என்ற உறுதிமொழி. ஒருவர் அந்த இடத்தில் 2 என்றோ 3 என்றோ எழுதியிருந்தால், கீழ்வரம்பு ஐந்து என்பதும் உச்சம் மூன்று என்பதும் ஒன்றாக நிற்க முடியாது. நிரல் அதற்கு வழி செய்திருந்தது. உச்சவரம்பு ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் ஐந்தாக மாற்றி எழுது என்று இருந்தது.

கணினிக்கு அது ஒரு ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ வரி, அவ்வளவுதான். எனக்கு அது வேறு மாதிரி பட்டது. எழுதியவராலேயே மாற்ற முடியாது என்று சொல்லி நம்மிடம் காட்டப்பட்ட எண் அது. அவர் வாக்குத் தவறவில்லை. அவருடைய வாக்கை ஊர் கூடி மாற்றி எழுதியது. மூன்றுக்குமேல் வாங்கவேமாட்டேன் என்றவரை நம்பி ஒப்படைத்தவர் ஒருவர் இருந்தால், அவருக்கு யார் பதில் சொல்வது? தானே கட்டிக்கொண்ட முடிச்சுதான் இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது என்று மேலே எழுதினேன். பெரும்பான்மை நினைத்தால் அவிழ்க்கக் கூடிய முடிச்சுதான் அது. கீழ்வரம்பு என்னும் எண்ணும் இன்னொரு வாக்கெடுப்பில் மாறக் கூடியது. இன்று ஐந்து, நாளை பத்து ஆகாது என்று எங்கும் எழுதியில்லை. ஐந்துக்குக் கீழே உச்சம் எழுதியவர்களை மட்டும் பழைய வாக்கோடு இருக்க விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. புதிதாக வருபவர்களுக்குக் கீழ்வரம்பைப் போட்டால் போதுமாயிருந்திருக்கும். தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தவன் என்பதால்தான் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கீழ்வரம்பின் வடிவமும் முக்கியம். கார்டானோவில் அதை விழுக்காட்டில் வைக்காமல் நிலையான தொகையாக வைத்தார்கள். ஐந்து நாள் கொண்ட ஒவ்வோர் எபோக்கிலும், குழு ஈட்டிய வெகுமதியிலிருந்து குறைந்தது 340 ஏடா முதலில் நடத்துபவருக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் மற்றவர்களுக்குப் பங்கு. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, சர்வர் வாடகை எல்லாருக்கும் ஒன்றுதானே. ஆனால் 20,000 ஏடா ஈட்டிய பெரிய குழுவில் 340 என்பது 1.7 விழுக்காடு. 1,000 ஏடா ஈட்டிய சிறிய குழுவில் அது 34 விழுக்காடு. சிறியவரைக் காப்பாற்றப் போட்ட வரம்பே சிறியவரிடமிருந்து ஆள்களை விரட்டியது. நெடுநாள் விவாதத்துக்குப் பிறகு 2023 அக்டோபரில் அதை 170 ஆகக் குறைத்தார்கள். காஸ்மோஸின் ஐந்து விழுக்காடு இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

இந்தப் பட்டியலையே பார்க்காமல் ஸ்டேக்கிங் செய்பவர்களும் இருக்கிறார்கள். நாணயச் சந்தை நிறுவனத்தின் செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். காயின்பேஸ் போன்ற நிறுவனங்கள் இதற்காகப் பல நாணயங்களின் வெகுமதியில் கால் பங்கும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. சங்கிலியில் மூன்றா ஐந்தா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கால் பங்கைப் பற்றி எந்தச் சங்கிலியிலும் வாக்கெடுப்பு வருவதில்லை. சிங்கப்பூரில் நாணய வாரியம் 2023 ஜூலையில், உரிமம் பெற்ற நிறுவனங்கள் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ஸ்டேக்கிங் வசதி செய்துதரக் கூடாது என்று முடிவு அறிவித்தது. கமிஷனுக்கு வரம்பு போடுவதற்குப் பதில் கதவையே சாத்திவிட்டார்கள். சொந்தப் பணப்பையிலிருந்து செய்பவர்களை அது கட்டுப்படுத்தாது. எனவே அந்த மூன்று எண்களைப் படிக்கும் பொறுப்பு அவரவருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

தம்பியின் சங்கிலியிலும் பிற்பாடு 5 விழுக்காடு கீழ்வரம்பு வந்தது. இனி நிமிர்ந்துவிடலாம் என்று இருவரும் எதிர்பார்த்தோம். மேலும் யாரும் போகவில்லை, அது நடந்தது. ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. சுழியத்துக்காக அந்தப் பெரிய நிறுவனத்திடம் போனவர்கள், அது இப்போது ஐந்து வாங்கியபோதும் அங்கேயே இருந்தார்கள். ஒருமுறை மாறியதே பெரிய வேலை என்று இருந்திருப்பார்கள். அந்த நிறுவனத்துக்கு, ஆள் சேர்க்கும் காலம் முடிந்து சம்பாதிக்கும் காலம் தொடங்கியது; அதற்குக் கமிஷனை ஏற்றிய கெட்ட பெயரும் இல்லை, ஏனென்றால் ஏற்றியது விதி. தம்பிக்குச் சர்வர் வாடகையில் முக்கால்வாசி தேறியது.

மேலும் சில மாதங்கள் ஓட்டினார். பிறகு மூடிவிடுவது என்று முடிவு செய்து, ஒரு மாதம் முன்னதாகவே எல்லாருக்கும் அறிவித்தார். எங்கே மாறுவது என்று கேட்டவர்களுக்குத் தன்னைப் போன்ற சிறியவர்கள் நான்கு பேரின் பெயரைக் கொடுத்தார்; பெயருக்குப் பக்கத்தில் அவர்களுடைய மூன்று எண்களையும் எழுதியிருந்தார். நான் கடைசி நாள்வரை மாறவில்லை. “அண்ணே, நீங்க ஒருத்தர்தான் பாக்கி, மாத்திக்குங்க. ராத்திரி அணைச்சிடப் போறேன்” என்று செய்தி அனுப்பிய பிறகுதான் மாற்றினேன். மாற்றும்போது அதுவரை சேர்ந்திருந்த வெகுமதி என் கணக்குக்கு வந்தது. கணக்குப் பார்த்தேன். அவருடைய ஐந்து விழுக்காடு போகத்தான் வந்திருந்தது.